முதலில் சூடு, பிறகுதான் பால்

ராஜபாளையம் நாய் ஓர் ஈற்றில் ஆறேழு குட்டி போட்டால், அதில் ஒன்று சவலையாக அமைவது உண்டு. மற்றவை 400 கிராமை ஒட்டி இருக்கும்போது இது 250-ஐத் தாண்டாது. தலை பெரிதாகத் தெரியும், முதுகெலும்பு விரலில் தட்டுப்படும். "கடைசியாத் தரிச்ச குட்டி, அதான் வளரலை" என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். உண்மையில் எல்லாக் குட்டிகளும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் கருவானவைதான். கருப்பையில் நஞ்சு சரியாகப் பற்றாத இடத்தில் அமைந்துவிட்டால், 63 நாளும் அந்தக் குட்டிக்கு ஊட்டம் குறைவாகத்தான் போகும். பெரும்பாலான சவலைகள் வயிற்றுக்குள்ளேயே பட்டினி கிடந்தவை.

ஆனால் எல்லாமே அப்படியல்ல. சில குட்டிகள் பிறவிக் குறையால் இளைத்திருக்கும். அதனால் கையில் எடுத்ததும் வாயைத் திறந்து, சுண்டுவிரலால் மேலண்ணத்தைத் தடவிப் பார்ப்பேன். பிளவு இருந்தால் குடிக்கிற பால் மூக்கு வழியே வரும். அந்தக் குட்டியைக் கால்நடை மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும்.

குறை ஒன்றும் இல்லையென்றால் எல்லோருக்கும் அடுத்து வருகிற அவசரம், பால் புகட்டுவது. இந்த இரக்கம்தான் பல குட்டிகளைக் கொன்றிருக்கிறது. பிறந்த குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது; முதல் வாரத்தில் நடுங்கக்கூட வராது. வளர்ந்த நாயின் உடல்சூடு 101 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருக்கும். முதல் வாரக் குட்டிக்கு 95 முதல் 98 வரைதான். 94-க்குக் கீழே போய்விட்டால் குடல் அசைவதே நின்றுபோகும். அப்போது புகட்டிய பால் செரிக்காமல் வயிற்றிலேயே புளிக்கும், அல்லது எதுக்களித்து நுரையீரலுக்குப் போகும்.

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் தை மாத ராத்திரிகள் சில்லென்று இருக்கும். சிமெண்டுத் தரை குட்டியின் சூட்டை உறிஞ்சிவிடும். தரையில் பலகை, அதன்மேல் சாக்கு, அதன்மேல் பழைய போர்வை. மூலையில் ஒரு குண்டு பல்பு. பெட்டிக்குள் 30 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். பல்பு ஓரமாக மட்டும் இருக்க வேண்டும், சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள இடம் வேண்டுமே. சில்லிட்டுப்போன குட்டியைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்வேன். வெந்நீரில் முக்கி அவசரமாகச் சூடாக்கக் கூடாது, ஒன்றிரண்டு மணி நேரம் எடுத்தாலும் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். உடம்பில் சர்க்கரை இருப்பும் இதற்குக் குறைவு. அதனால் குளுக்கோஸ் கரைத்த நீரை விரலில் தொட்டு ஈறில் தடவிவிடுவேன்.

"அண்ணாச்சி, தாயே தள்ளிட்டா. இது தேறாது, விட்டுருங்க" என்று தெருவில் யாராவது சொல்வார்கள். பல நேரம் தாய் தள்ளியது குட்டியை அல்ல, அதன் குளிர்ச்சியை. உடம்பு சூடேறிய பிறகு காலடியில் விட்டால் அதே பொட்டை நக்கிக் கொடுத்து அணைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். சேர்த்துக்கொண்டதும் சீம்பாலுக்கு விட வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தி குட்டிக்குள் போகிற வழி முதல் 24 மணி நேரத்தில் மூடிவிடும், அதிலும் முதல் அரை நாள்தான் முக்கியம். கொழுத்த குட்டிகளைக் கூடையில் எடுத்து வைத்துவிட்டு, சவலையைப் பின்பக்கக் காம்பில் பிடிப்பேன். அங்கேதான் பால் அதிகம் சுரக்கும்.

அப்படியும் போதாதபோதுதான் கைப்பால். பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். நாய்ப்பாலில் கொழுப்பு சுமார் 9 சதவீதம், பசும்பாலில் 4. புரதமும் பாதிதான்; பால் சர்க்கரை மட்டும் பசும்பாலில் கூடுதல். அதில் தண்ணீரையும் சேர்த்தால் வயிறு நிறையும், குட்டி இளைக்கும், கழியும். கடையில் விற்கும் நாய்க்குட்டிப் பால்பவுடர்தான் சரி. 100 கிராம் எடைக்கு ஒரு வேளைக்கு 4 மில்லி, இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம். குழந்தையைப்போல மல்லாத்திப் புகட்டினால் புரையேறும். தாயிடம் குடிப்பதுபோலக் குப்புற வைத்து, தலையை லேசாகத் தூக்கி, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். குடித்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் துடைத்தால்தான் சிறுநீரும் மலமும் வெளியேறும். தாய் நக்குவது இதற்காகத்தான்.

கண்ணுக்குக் குட்டி நன்றாகத்தான் தெரியும். தராசுதான் உண்மையைச் சொல்லும். சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து நோட்டில் எழுதுகிறேன். ஏழு முதல் பத்து நாளுக்குள் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும். ஒரு நாள் ஏறாவிட்டால் கவனம், இறங்கினால் உடனே மருத்துவர். இரண்டாவது வாரம் புழு மருந்து கொடுக்கும்போதும் இந்த நோட்டுத்தான் உதவும். அண்ணன்மார் அளவை இதற்கும் ஊற்றிவிடக் கூடாது.

எடை ஏற ஆரம்பித்ததும் என் கையைச் சுருக்கிக்கொள்கிறேன். தனியே மடியில் வளர்ந்த சவலை உடம்பு தேறும், நாயாகத் தேறாது. கூடப்பிறந்ததைக் கடித்து, அது கத்தி விலகும்போதுதான் எவ்வளவு பலமாகக் கடிக்கலாம் என்று குட்டிக்குத் தெரிகிறது. அதற்கு அடி வாங்கவும் கிண்ணத்துக்கு முண்டவும் விட வேண்டும்.

ராஜபாளையத்துக்கு இன்னொரு சோதனையும் உண்டு. வெள்ளை நிறத்தோடு காது கேளாமையும் இந்த இனத்தில் வரும். சவலை மந்தமாக இருந்தால் 'சின்னது, அதனால்தான்' என்று விட்டுவிடத் தோன்றும். ஐந்தாவது வாரம் அதைத் தனியே பிரித்து, பார்வைக்கு மறைவாக நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டிப் பார்ப்பேன். மற்ற குட்டிகள் கூட இருந்தால், அவை திரும்புவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் திரும்பிவிடும்.

எட்டு வாரம் முடியாமல் எந்தக் குட்டியையும் கொடுப்பதில்லை. சவலையை எடுக்க வருகிறவரிடம் எடை நோட்டைக் காட்டி, நடந்ததையெல்லாம் சொல்லிவிடுவேன். "சின்னதுதானே, விலையக் குறைங்க" என்பார்கள். குறைப்பதில்லை. விலை குறைவு என்பதற்காக வாங்குகிறவர், தீனியிலும் தடுப்பூசியிலும் அதே கணக்கைத்தான் பார்ப்பார்.