இலை போட்டாயிற்று, சோறு வந்ததா?

பாயான் லெப்பாஸில் ஓர் அலுவலகத்தில் இணையப் பக்கங்களைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. மனிதரைப் போலவே உலாவியைத் திறந்து, படிவத்தை நிரப்பி, பொத்தானை அழுத்தும் நிரலை எழுதி ஓட விடுவேன். நிரப்புவதும் அழுத்துவதும் சுலபம். நிரலுக்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுப்பதுதான் பெரும்பாடு.

முன்பெல்லாம் ஒரு பக்கம் பெரும்பாலும் முழுதாக வந்து சேரும். இன்று முதலில் வருவது வெறும் சட்டகம். தலைப்பு, கட்டங்கள், பொத்தான்கள் எல்லாம் தெரியும். உள்ளே இருக்க வேண்டிய விவரங்களைப் பக்கம் பிறகுதான் சர்வரிடம் கேட்டு வாங்கும். 'பக்கம் வந்துவிட்டது' என்று உலாவி சொல்லும்போது, பந்தியில் இலை போட்டாயிற்று, அவ்வளவுதான். சோறு இன்னும் வரவில்லை. மனிதர் என்றால் பொறுத்திருப்பார். நிரலோ வெற்றிலையைப் பார்த்துவிட்டு 'சோறு இல்லை' என்று புகார் எழுதிவிடும்.

இதற்குப் பலரும் செய்யும் வைத்தியம், 'ஐந்து விநாடி நில்' என்று ஒரு வரி சேர்ப்பது. விவரம் அரை விநாடியில் வந்தால் மீதி நேரம் வீண். 300 சோதனைகள் இப்படி ஐந்தைந்து விநாடி நின்றால் 25 நிமிடம் போய்விடும். ஆறாவது விநாடியில் வந்தாலோ சோதனை தோற்கும். நேற்றுத் தேறியது இன்று தோற்க, 'இன்னொரு தடவை ஓட்டிப் பார்' என்று குழுவே பழகிவிடும். புலி வருது கதைதான். உண்மையான பிழை வரும் நாளில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பொங்கலன்று கடிகாரத்தைப் பார்த்து யாராவது 'பொங்கலோ பொங்கல்' என்று கூவுகிறோமா? பால் பொங்கி வழியும்போதுதானே கூவுகிறோம்? நிரலும் அப்படித்தான் காத்திருக்க வேண்டும். 2004இல் சிகாகோவில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய செலினியம் கருவியில் அதற்கு வழி உண்டு. வேண்டிய அடையாளம் தெரிகிறதா என்று அரை விநாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். 2020இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பிளேரைட், பொத்தான் கண்ணுக்குத் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, அழுத்தத் தயாரா என்று தானே பார்த்த பிறகுதான் அழுத்தும். இரண்டிலும் ஓர் உச்ச வரம்பு வைக்கலாம். அதற்குள் வராவிட்டால் 'வரவில்லை' என்று சொல்லி நின்றுவிடும்.

ஆனால் எதற்காகக் காத்திருப்பது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். அது எவ்வளவு முக்கியம் என்பது ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டில்தான் எனக்கு உறைத்தது.

"தம்பி, மூணு நாளா பாக்குறேன், இடமே இல்லைங்குது" என்று கைப்பேசியை நீட்டினார் பக்கத்து வீட்டு அக்கா. நீரிழிவு உள்ளவர். கண் பரிசோதனைக்கு ஒரு மருத்துவமனையில் முன்பதிவு செய்ய வேண்டும். பக்கத்தைத் திறந்தேன். 'காலி இடம் இல்லை' என்று வந்தது. மூடாமல் வைத்திருந்தேன். பத்து விநாடி போயிருக்கும். அந்த வரி மறைந்து நான்கு தேதிகள் வந்தன.

"அப்ப இத்தனை நாளும் இடம் இருந்துச்சா?" என்றார் அக்கா.

பதில் வருவதற்கு முன்பே அந்தப் பக்கம் 'இல்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தது. பட்டியல் இன்னும் வராததையும், வந்த பட்டியல் காலியாக இருப்பதையும் அது ஒன்றாகவே எண்ணிவிட்டது. வேகமான இணைப்பில், ஐந்து விநாடி நின்று பார்க்கும் சோதனைக்கு இந்தக் குறை தெரியவே தெரியாது. அது கண் திறப்பதற்குள் தேதிகள் வந்திருக்கும். அக்காவின் மெதுவான இணைப்பில்தான் குட்டு வெளிப்படும்.

இப்போது என் சோதனைகளை, இணைப்பை வேண்டுமென்றே மெதுவாக்கியும் ஒருமுறை ஓட்டுகிறேன். உலாவியிலேயே அதற்கு வசதி இருக்கிறது. பதில் வரும்வரை பக்கம் 'தேடுகிறோம்' என்கிறதா, வந்த பிறகுதான் 'உண்டு' அல்லது 'இல்லை' என்கிறதா, பதில் வராமலே போனால் அதையும் சொல்கிறதா என்று மூன்றையும் பார்க்கிறேன்.

மென்பொருள் துறையில் இருக்கும் தம்பி தங்கைகள் இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒன்று சொல்லி வையுங்கள்: திரை 'இல்லை' என்றதும் மூடிவிட வேண்டாம், இருபது வரை எண்ணிவிட்டு இன்னொரு முறை பார்க்கட்டும்.