ரெண்டு கடல்... ஒரு டென்ட்!

ராமேஸ்வரம் ரயில்ல போயிருக்கீங்களா? ராமநாதபுரம், உச்சிப்புளி தாண்டினதும் ஜன்னல் பக்கம் பனைமரங்கள் ஓடும். உப்புக்காத்து மூக்குல ஏறும். பாம்பன் பாலம் எப்போ வரும்னு மொத்த கம்பார்ட்மென்ட்டும் எட்டி எட்டிப் பார்த்துட்டு இருக்கிற நேரத்துல, மஞ்சள் போர்டு ஒண்ணு சத்தமில்லாம கடந்து போகும். 'மண்டபம் கேம்ப்'!

'ஆஹா, ஊர் பேர்லயே கேம்ப் இருக்கே! டென்ட், கிடார், கேம்ப் ஃபயர்...'னு கற்பனைக் குதிரையை அவிழ்த்து விட்டுடாதீங்க. இது வேற கேம்ப். வெள்ளைக்காரன் காலத்துல இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனாங்களே, அந்தச் சனங்களைக் கப்பல் ஏத்துறதுக்கு முன்னால, நோய் நொடி இருக்கானு பார்க்க அடைச்சு வெச்ச இடம்தான் மண்டபம் கேம்ப். அப்புறம் 1983-க்குப் பிறகு, போருக்குப் பயந்து அதே இலங்கையில இருந்து வந்தவங்களுக்கு இதுதான் முதல் நிழல். 2021-ல 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்'னு பெயர் மாத்தினாங்க. 2022-ல அங்கே பொருளாதாரம் படுத்தப்போ, ராத்திரியோட ராத்திரியா அரிச்சல்முனை மணல்ல வந்து இறங்கினவங்களையும் இங்கேதான் கூட்டிட்டு வந்தாங்க. முகாம்லயே பிறந்து, முகாம் முகவரியிலயே வளர்ந்து, இன்னிக்கு உங்களை மாதிரியே காலேஜ் படிக்கிறவங்களும் இருக்காங்க. நமக்கு கேம்ப்னா ரெண்டு நாள் லீவு. அவங்களுக்கு அது டோர் நம்பர். அதனால அந்தப் பக்கம் செல்ஃபி ஸ்டிக்கைத் தூக்கிட்டு எட்டிப் பார்க்காதீங்க, ப்ளீஸ்.

சரி, கடலுக்கு வருவோம். மத்த ஊர்ல பீச் ஒண்ணுதான். மண்டபத்துல ரெண்டு! நிலம் ஒரு நாக்கு மாதிரி நீண்டு, போகப் போக ஒல்லியாகி, கடைசியில ரெண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரங்க சிம்பிளா வடகடல், தென்கடல்னுடுவாங்க. காலையில ஒரு கடல்ல காலை நனைச்சுட்டு, டீ குடிச்சுட்டு, பொடி நடையா நடந்துபோய் இன்னொரு கடல்லயும் நனைச்சுடலாம். சாதுவா இருக்கிற வடகடல் 'பெண் கடலாம்', முரட்டுத் தென்கடல் 'ஆண் கடலாம்'! (பேர் வெச்சது யாரா இருந்தாலும் ஆம்பளையாத்தான் இருக்கணும்!) ஆனா, ரெண்டும் வருஷம் பூரா அப்படியே இருக்கிறதில்லை. கோடையில, தெற்கே இருந்து சோழகக் காத்து அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி பொறந்து வாடைக் காத்து திரும்பிச்சுன்னா, கதை அப்படியே உல்டா. வடகடல் ஆட்டம் போடும், தென்கடல் அடங்கிக் கிடக்கும்.

ஆக, 'எந்த மாசம் போகலாம்?'ங்கிறது தப்பான கேள்வி. 'இந்த மாசம் எந்தக் கடல்?'னு கேட்கணும். தண்ணி விளையாட்டுக்கு மண்டபத்தை விட்டா வேற இடம் இல்லைனு சிலர் சொல்றதுக்குக் காரணமும் இதுதான். பாக் விரிகுடாவோட சராசரி ஆழமே 10 மீட்டருக்குக் குறைவு. உச்சிப்புளி பக்கம் அரியமான் கடற்கரை, அதை ஒட்டியே பிரப்பன்வலசை... இந்தப் பக்கமெல்லாம் கரையில இருந்து ரொம்ப தூரத்துக்கு இடுப்பளவு தண்ணிதான். சவுக்குத் தோப்பு நிழல் வேற. கயாக், பலகை மேல நின்னுக்கிட்டே துடுப்பு போடுறது, காத்தாடி கட்டி இழுக்கிற கைட் சர்ஃபிங் எல்லாம் இந்தக் கரைகள்ல கத்துத் தர்றாங்க. பட்டம் விடுறதும் சர்ஃபிங்கும் காதல் கல்யாணம் பண்ணிக்கிட்டா பொறக்கிற புள்ளைதான் கைட் சர்ஃபிங். அதுக்குக் காத்து வேணும், அலை வேணாம். அந்த வினோதமான பொருத்தம் இந்தக் கரையில அமைஞ்சிருக்கு. ஆனா, ஒரே மத்தியானத்துல கத்துக்கிட்டு 'ஸ்டேட்டஸ்' போட்டுடலாம்னு நினைக்காதீங்க. முதல் நாள் மணல்லயே நின்னு காத்தாடியை அடக்கப் பழகணும். தண்ணிக்குள்ள போறது அதுக்கப்புறம்தான்.

இப்போ சொல்றதைக் கொஞ்சம் காதைத் தீட்டிட்டுக் கேளுங்க. கோடையில வடகடல் ஏன் அமைதியா இருக்கு? காத்து கரையில இருந்து கடலைப் பார்த்து வீசுது. தண்ணி மேல ரொம்ப தூரம் ஓடினாத்தான் காத்தால அலையைக் கிளப்ப முடியும். கரையோரத்துல அதுக்கு இடமில்லை, அதான் கண்ணாடி மாதிரி தெரியுது. அந்தக் கண்ணாடியை நம்பி ஒரு ரப்பர் டியூப்லயோ, காத்தடிச்ச மெத்தையிலயோ ஏறிப் படுத்தீங்கன்னா? பத்து நிமிஷத்துல கரை தள்ளிப் போயிருக்கும். உள்ளே போகப் போகக் காத்து பலக்கும், அலையும் எழும்பும். திரும்பி வர்றது எதிர்க்காத்து. கொந்தளிக்கிற கடல் 'வராதே'னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடும். அமைதியான கடல் சிரிச்சுக்கிட்டே கூட்டிட்டுப் போயிடும்! அதனால லைஃப் ஜாக்கெட் இல்லாம கயாக்ல ஏறவே கூடாது. காத்துக்கு எதிரா முதல்ல துடுப்பு போட்டுப் போங்க. களைச்சுப்போய்த் திரும்பும்போது காத்தே தள்ளிட்டு வந்துடும். கிளம்புறதுக்கு முன்னால கரையில வலை பிரிச்சுட்டு இருக்கிற பெரியவர்கிட்ட, 'ஐயா, இன்னிக்குக் கடல் எப்படி?'னு ஒரு வார்த்தை கேளுங்க. அவர் வானத்தை ஒரு தடவை பார்த்துட்டு 'வேணாம்ப்பா'ன்னா, வேணாம்தான். வெதர் ஆப்பைக் காட்டி அவர்கிட்ட வாதாடாதீங்க.

அரிச்சல்முனையில மட்டும் குளிக்கிற ஆசையே வேணாம். ரெண்டு கடலும் முட்டிக்கிற இடம், நீரோட்டம் பலமா இழுக்கும். 2017-ல போட்ட ரோடு முனை வரைக்கும் போகுது. அதனால வண்டியை நிறுத்தினதும் அப்படியே ஓடிப்போய்க் குதிக்கத் தோணும். அங்கே கண்ணுக்கு மட்டும்தான் விருந்து. பொழுது சாயறதுக்குள்ள எல்லோரையும் கிளப்பி விட்டுடுவாங்க.

அப்போ டென்ட் எங்கே போடுறது? தீவுகள்ல போடலாமானு கேட்காதீங்க. மண்டபத்துக்குத் தெற்கே முயல் தீவு, மனோலி, பூமரிச்சான், புள்ளிவாசல், குருசடைனு வரிசையா கிடக்கிறது எல்லாமே மன்னார் வளைகுடா தேசியக் கடல் பூங்காவைச் சேர்ந்தது. 1986-ல அறிவிச்சாங்க. தூத்துக்குடி வரைக்கும் மொத்தம் 21 தீவுகள். வனத்துறை அனுமதி இல்லாம கால் வைக்கக் கூடாது, ராத்திரி தங்குற பேச்சுக்கே இடமில்லை. 'தனியா ஒரு போட் பேசி நைஸா இறக்கி விடுறேன் தம்பி'னு யாராவது சொன்னா, 'ரொம்ப தேங்க்ஸ்ண்ணே'னு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. மாட்டினா அவர் படகும் போகும், உங்க பரீட்சையும் போகும். பார்த்தே ஆகணும்னா, குந்துகால்ல விசாரிச்சு வனத்துறைப் படகுலயே போங்க. 1897 ஜனவரியில விவேகானந்தர் அமெரிக்கா, ஐரோப்பாவெல்லாம் சுத்திட்டு வந்து இறங்கினதும் அந்தப் பாம்பன் கரைதான்.

கறாரா இருக்காங்கன்னா காரணம் இருக்கு. தீவுகளைச் சுத்திப் பவளப் பாறைகள். ஒரு காலத்துல சுண்ணாம்புக்காகவும் வீடு கட்டவும் அதை வெட்டி எடுத்தாங்க. அதுல இருந்து தப்பிச்சதை 1998, 2010, 2016-னு கடல் சூடாகிச் சூடாகி வெளுக்க வெச்சுது. மிச்சமிருக்கிற பவளம் மேல நம்ம ஒரு கால் பட்டாலே உடையும். உடைஞ்சது பழையபடி வளர வருஷக் கணக்காகும். கரையில ஒதுங்கின பவளத் துண்டைக்கூட ஞாபகார்த்தமா பையில போட்டுக்காதீங்க. பவளம், கடல் அட்டை, கடல் குதிரை எல்லாமே வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. சட்டத்துக்கு யானையும் அட்டையும் ஒண்ணு!

டென்ட்டுக்கு அரியமான், பிரப்பன்வலசைப் பக்கம்தான் சரி. ஏற்கெனவே கூடாரம் போட்டுத் தர்ற இடமா பார்த்து, அனுமதியோட தங்குங்க. இது எல்லைக் கடற்கரை. தனுஷ்கோடியில இருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். கடலோரக் காவல் போலீஸ் ராத்திரி வந்து டார்ச் அடிச்சா பதறாம இருக்க, ஐ.டி. கார்டு கையில இருக்கட்டும். ட்ரோனை வீட்டுலயே வெச்சுடுங்க, உச்சிப்புளியில நேவி விமானதளம் இருக்கு. மணல்ல டென்ட் ஆணி நிக்காது. ஒரு பையில மணலை ரொப்பி, அதுல கயித்தைக் கட்டி, முழங்கால் ஆழத்துல புதைச்சுடுங்க. சோழகக் காத்துக்கும் அசையாது. ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் ஆமைகள் முட்டையிட ஏறி வர்ற காலம். அப்போ கரையில தீ மூட்டுறது, ஃபோகஸ் லைட் அடிக்கிறது எல்லாம் கட். நல்ல தண்ணியை எடுத்துட்டுப் போங்க. ராமநாதபுரத்துக்காரங்ககிட்ட ஒரு குடம் தண்ணியோட அருமையைக் கேட்டுப் பாருங்க, சொல்வாங்க.

மூழ்குறதுல த்ரில் தேடுறீங்களா? பாம்பன் பக்கம் சின்னப்பாலத்துப் பெண்களைப் பத்தித் தெரிஞ்சுக்கணும். பாசி எடுக்கிறவங்க. ஆக்ஸிஜன் சிலிண்டர் கிடையாது, சூட் கிடையாது. புடவை மேல ஒரு சட்டை, கண்ணுக்கு ஒரு கண்ணாடி, பாறை கிழிக்காம இருக்க விரல்ல சுத்தின துணி. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இறங்கிப் பாசியைப் பறிச்சுட்டு மேலே வருவாங்க. ஐஸ்க்ரீம்ல இருந்து மருந்து வரைக்கும் பாசியில இருந்து எடுக்கிற பொருள்கள் சேருது. கடல் பூங்கா வந்ததும் தலைமுறையா இறங்கின இடத்துக்குத் தடை. வனத்துறையோட மல்லுக்கட்டல். அப்புறம் அவங்களே கூடிப் பேசி, மாசத்துக்கு 12 நாள்தான் பாசி எடுக்கிறதுனு கட்டுப்பாடு போட்டுக்கிட்டாங்க. அந்தப் பெண்கள்ல ஒருத்தர், லட்சுமி மூர்த்தி, 2015-ல சர்வதேச அளவிலான 'சீகாலஜி' விருதை வாங்கினார். நாம காசு கொடுத்துக் கத்துக்கிற ஸ்நார்க்லிங் அவங்களுக்கு அடுப்பெரியுற சமாசாரம்!

நீச்சல்னு சொன்னதும் இன்னொண்ணு. இந்த ஜலசந்தியை நீந்தியே தாண்டினவங்க இருக்காங்க. 1966-ல மிஹிர் சென். 1971-ல வல்வெட்டித்துறை ஆனந்தன், போயிட்டு அப்படியே திரும்பியும் வந்தார், 51 மணி நேரம். 1994-ல நம்ம குற்றாலீஸ்வரன் தாண்டும்போது வயசு 12. நீங்க அந்த வயசுல கிணத்துல கயிறு கட்டிக்கிட்டு 'அம்மா...'னு கத்திட்டு இருந்திருப்பீங்க! இவங்க எல்லோரும் கூடவே படகு வர, நீரோட்டம் பார்த்து, மாசக்கணக்கா பயிற்சி எடுத்து நீந்தினவங்க. பெட் கட்டி இறங்குற சமாசாரம் இல்லை.

கடைசியா மீன் பிடிக்கிறது. தூண்டிலும் இறாலும் வாங்கிட்டு மணல்ல உட்கார்ந்தா பொழுது போகும். முரல், ஓரா, விளமீன்னு ஏதாச்சும் மாட்டலாம், மாட்டாமலும் போகலாம். ஆனா, எனக்குக் கேட்டா கரைவலைதான் ஜோர். படகு வலையை அரைவட்டமா விரிச்சுட்டு வரும். ரெண்டு முனைக் கயிறும் கரையில. ரெண்டு பக்கமும் ஆளுங்க வரிசையா நின்னு இழுப்பாங்க. இழுக்க இழுக்க ரெண்டு வரிசையும் ஒண்ணை ஒண்ணு நெருங்கி வரும். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. உங்க லீவும் அப்போதானே! ஆனா கரைவலைக்கு லீவு இல்லை. 'அண்ணே, நாங்களும் ஒரு கை பிடிக்கலாமா?'னு மரியாதையா கேட்டா, பெரும்பாலும் சிரிச்சுட்டு இடம் விடுவாங்க. ஜிம்முக்குப் போற பார்ட்டிக்கே கால் மணி நேரத்துல உள்ளங்கை பழுத்துடும். பக்கத்துல அறுபது வயசுக்காரர் வெத்தலை மென்னுக்கிட்டே இழுத்துட்டு இருப்பார்!

வலையோட மடி கரைக்கு வந்ததும், உடனே கையை விட்டுடாதீங்க. சொறி இருக்கும், தொட்டா தீயா எரியும். எரிஞ்சா கடல் தண்ணியாலயே கழுவுங்க, நல்ல தண்ணி ஊத்தாதீங்க. திருக்கையோட வால் முள்ளுக்கு எட்டியே நில்லுங்க. சூடை, நெத்திலி, காரல், கொஞ்சம் பாறை... அவ்வளவுதான் பல நாள். சில நாள் மடி நிறைய பாசியும் பிளாஸ்டிக்கும் மட்டும் வரும். அத்தனை பேர் இழுத்த கூலியை அதுலதான் பங்கு பிரிக்கணும். அதனால, 'நாங்களும் இழுத்தோம்ல'னு ஓசி மீன் கேட்காதீங்க. காசு கொடுத்து வாங்குங்க. அதை ஆக்கித் தர யாராவது கிடைச்சா, முண்டு மிளகாய் அரைச்சு ஊத்தச் சொல்லுங்க. ராமநாதபுரம் முண்டு, 2023-ல புவிசார் குறியீடு வாங்கின மிளகாயாக்கும்! சோறு மட்டும் ரெண்டு ஆழாக்கு கூடவே வடிக்கச் சொல்லிடுங்க.