குட்டி யானைக்கு எந்தச் செருப்பு பொருந்தும்?

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பார்கள் பெரியவர்கள். சரி, அச்சாணி இருக்கிறது. ஆனால் சக்கரம் பொருத்தமாக இல்லை. அப்போது தேர் எவ்வளவு தூரம் ஓடும்? மின்சாரத்தில் ஓடும் சரக்கு வண்டியை வாங்கும் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

டாடா ஏஸ் வண்டி 2005-ல் வந்தது. தமிழ்நாட்டு மக்கள் அதற்குக் "குட்டி யானை" என்று செல்லப்பெயர் வைத்துவிட்டார்கள். அதன் மின்சார வடிவம் 2022 மே மாதம் அறிமுகமானது. 21.3 கிலோவாட் மணி பேட்டரி, 27 கிலோவாட் மோட்டார், ஒருமுறை சார்ஜ் செய்தால் 154 கிலோமீட்டர் என்பது அதற்குத் தரப்பட்ட சான்றளிப்பு. 2024 மே மாதம் ஒரு டன் சுமக்கும் வடிவமும் வந்தது.

இந்த மாதிரி வண்டிகளுக்கு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வேலைக்குப் பஞ்சமில்லை. தொழிற்பேட்டையின் பட்டறைகள், பூந்தமல்லி சாலை குடோன்கள், சி.டி.எச். சாலைக் கடைகள் என்று எங்கும் லோடு வண்டிதான். இன்னொரு பெருமையும் இந்த வட்டாரத்துக்கு உண்டு. 1960-ல் தொடங்கப்பட்ட வீல்ஸ் இந்தியா நிறுவனத்தின் தொழிற்சாலை பாடியில் இருக்கிறது. அம்பத்தூரில் டன்லப் தொழிற்சாலை பல ஆண்டுகள் டயர் தயாரித்தது. இப்போது அது இயங்கவில்லை. ஊருக்கெல்லாம் சக்கரமும் டயரும் செய்து கொடுத்த பகுதி இது!

ஆனால் இங்கே புது வண்டி எடுப்பவர் டயரைப் பற்றி எவ்வளவு யோசிக்கிறார்? ஷோரூமிலிருந்து வரும் வண்டியில் இரும்பு ரிம்மும் ஒல்லியான டயரும்தான் இருக்கும். "அண்ணே, அலாய் போட்டு அகலமா டயர் மாட்டுங்க, வண்டி கெத்தா நிக்கும், ரோட்டையும் நல்லா பிடிக்கும்" என்று யாராவது ஒருவர் சொல்வார். கடன் வாங்கி வண்டி எடுத்தவருக்கும் ஆசை இருக்காதா? தவணையோடு தவணையாக இதையும் சேர்த்துவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் கொஞ்சம் நின்று கணக்குப் பார்க்க வேண்டும்.

முதல் கணக்கு எடை. டயரின் பக்கச் சுவரில் அளவுக்குப் பின்னால் ஓர் எண் இருக்கும். அது சுமைக் குறியீடு. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 90 என்றால் 600 கிலோ, 100 என்றால் 800 கிலோ. நான்கு டயரையும் பெருக்கிப் பார்த்து "2400 கிலோ தாங்குமே" என்று சொல்லிவிடக் கூடாது. லோடு ஏற்றினால் பாரம் பின்னால்தான் அதிகம் இறங்கும். எனவே பின் அச்சுக்கு இரண்டு டயர் கணக்கு, அதாவது 1200 கிலோதான். கார் டயர் அகலமாக, அழகாக இருக்கலாம். சுமைக் குறியீடு குறைவாக இருந்தால் அது லோடு வண்டிக்கு ஆகாது. சரக்கு வண்டி டயரில் "எல்.டி." என்ற எழுத்துகள் இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் அன்றே எச்சரித்திருக்கிறார். அச்சுக்குச் சொன்னது டயருக்கும் பொருந்தும்.

இரண்டாவது கணக்குதான் மின்சார வண்டிக்கே உரியது. டயர் உருளும்போது அழுந்தி விரிகிறது. அதில் கொஞ்சம் சக்தி வெப்பமாக வீணாகிறது. இதை உருளல் எதிர்ப்பு என்கிறார்கள். வண்டியும் சுமையும் சேர்ந்து 2 டன் என்று வைத்துக்கொள்வோம். டன்னுக்கு 10 கிலோ எதிர்ப்புள்ள டயர் என்றால், 100 கிலோமீட்டர் ஓட டயருக்காக மட்டும் சுமார் 5.4 யூனிட் மின்சாரம் போகும். எதிர்ப்பு 8 கிலோவாக இருந்தால் சுமார் 4.4 யூனிட் போதும். மிச்சம் ஒரு யூனிட்! 21.3 யூனிட்டுக்கு 154 கிலோமீட்டர் என்றால், ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர். அம்பத்தூரிலிருந்து ஆவடிக்குப் போய்ச் சேரும் தூரம் அது.

டீசல் வண்டியில் இந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. பங்கில் ஐந்து நிமிடம் நின்றால் தீர்ந்தது. மின்சார வண்டியிலோ மாலை கடைசி டிரிப்பை எடுக்கலாமா வேண்டாமா என்பதையே அது முடிவு செய்யும். ஒரு டிரிப் போனால் அன்றைய கூலியில் ஒரு பங்கு போனது போலத்தான்.

மூன்றாவது, அளவு. 155/80 R13 டயரின் விட்டம் சுமார் 578 மில்லிமீட்டர். அதை எடுத்துவிட்டு 165/80 R14 மாட்டினால் சுமார் 620. ஏழு சதவீதம் கூடிவிடுகிறது. மீட்டர் 100 கிலோமீட்டர் என்று காட்டும்போது வண்டி 107 ஓடியிருக்கும். வேகமும் அப்படியே குறைத்துக் காட்டும். சக்கரம் பெரிதான அளவுக்குச் சாலையில் கிடைக்கும் இழுவிசையும் குறையும். பாலம் ஏறும்போது லோடு வண்டிக்குத் தேவையே அந்த இழுவிசைதானே?

சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. ஆகவே வண்டிக் கையேட்டில் உள்ள அளவைத் தாண்டாமல் இருப்பதே நல்லது.

அலாய் ரிம் கெட்டதா? காருக்கு நல்லதாக இருக்கலாம். ஆனால் முழு லோடோடு பள்ளத்தில் இறங்கினால் இரும்பு ரிம் பெரும்பாலும் நெளியும்; அலாய் வெடித்துவிட வாய்ப்பு அதிகம். நெளிந்த ரிம் காட்டிக்கொடுக்கும், விரிசல் சத்தமில்லாமல் இருக்கும்.

மழையையும் மறக்கக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டை தண்ணீரில் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம். தண்ணீரை வெளியே தள்ளுவது டயரின் கோடுகள்தான். நான்கு சக்கர வண்டிக்கு அந்தக் கோட்டின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. மின்சார மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு பலத்தோடு இழுக்கும். சிக்னலில் வெடுக்கென்று எடுத்தால் பின் டயர் சீக்கிரம் மொட்டையாகும். எனவே உருளல் எதிர்ப்பு மட்டும் குறைவாக இருந்தால் போதாது, ஈரச் சாலையில் பிடிப்பும் வேண்டும். இந்தியாவில் 2022 அக்டோபர் முதல் புதிய டயர் வடிவங்களுக்கு உருளல் எதிர்ப்பு, ஈரப் பிடிப்பு, சத்தம் மூன்றுக்கும் அளவுகோல் கட்டாயமாகியிருக்கிறது. கடையில் இதைக் கேட்டு வாங்கலாம், தவறில்லை.

வாங்கும்போது பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 3524 என்றால் 2024-ன் 35-வது வாரம் செய்த டயர். பல வருடம் குடோனில் கிடந்த டயரைப் புதுசு என்று தலையில் கட்டிவிடாமல் இருக்க இது உதவும்.

கடைசியாக, அலாய்க்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு காற்று அளக்கும் கருவி ஒன்று வாங்கிவிடலாம். காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் சூடாகாத நேரத்தில் அளந்து, கையேட்டில் சொன்ன அளவுக்குக் காற்று வைத்தாலே போதும், ஸ்டெப்னிக்கும் சேர்த்துத்தான். காற்று குறைந்த டயர் அதிகம் அழுந்தும், அதிகம் சூடாகும், பேட்டரியையும் அதிகம் தின்னும். பார்ப்பவர் கண்ணுக்கு அழகாக நிற்பதைவிட, கடைசி டிரிப்பையும் முடித்து வீடு வந்து சேர்வதுதான் லோடு வண்டிக்கு அழகு!