எங்க ஊரு எந்தத் திணை?

வெளியூர்ல இருக்குற எங்க பக்கத்து ஆளுங்ககிட்ட "எந்த ஊரு?"ன்னு கேட்டுப் பாருங்க. நிறைய பேர் "திருச்சி பக்கம்"னுதான் சொல்வாங்க. காரணம் இருக்கு. 1995 வரைக்கும் நாங்க திருச்சி மாவட்டம். அப்புறம் பெரம்பலூர் மாவட்டம். நான் பொறந்தது அதுல. 2001-ல அரியலூர் தனி மாவட்டம் ஆச்சு. அடுத்த வருஷமே திரும்பவும் பெரம்பலூரோட சேர்த்துட்டாங்க. 2007 நவம்பர் 23-ல மறுபடியும் அரியலூர். எனக்குப் பதினோரு வயசு ஆகுறதுக்குள்ள மூணு தடவை மாவட்டம் மாறிடுச்சு. வீடு மட்டும் அதே தெருவுல, அதே வேப்பமரத்துக்குப் பக்கத்துலதான் நின்னுச்சு.

முகவரியே இப்படின்னா, அடையாளத்தை எங்கே போய்த் தேடுறது? எனக்கு அது கிடைச்சது பள்ளிக்கூடத்துல மார்க்குக்காக மட்டும் படிச்ச ஐந்திணையில. நம்ம ஆளுங்க ஒரு மண்ணைச் சொன்னாலே அங்க இருக்குற மனசையும் சேர்த்துச் சொல்லிட்டாங்க. மலைன்னா கூடல், காடுன்னா காத்திருத்தல், வயல்னா ஊடல், கடற்கரைன்னா இரங்கல், வறண்ட நிலம்னா பிரிவு. இன்ஜினியரிங் முடிச்சு, சென்னையில பொட்டி தட்ட வந்த பிறகு அதெல்லாம் மறந்தே போச்சு. ஞாபகப்படுத்தினது ஒருத்தி.

அவளுக்கு நாகப்பட்டினம். பக்கத்து டீம். மூணு வருஷமா ஒரே கேண்டீன், ஒரே டீ. போன வருஷம் அவங்க அப்பாவைப் பார்க்கப் போனேன்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"அரியலூருங்க."

"அங்க என்ன தம்பி இருக்கு? சிமெண்ட்டும் வெயிலும்தானே?"

கோவமா கேக்கலை, சாதாரணமாத்தான் கேட்டார். ஆனா அந்தக் கேள்வி பஸ்ஸுல என்கூடவே ஊர் வரைக்கும் வந்துச்சு.

என்ன இருக்கு? கடல் இருந்திருக்கு சார்! கிரெட்டேசியஸ் காலத்துல, அதாவது டைனோசர் காலத்துல, எங்க ஊரு கடலுக்கு அடியில கிடந்தது. 1862-ல பிளான்ஃபோர்டுங்கற புவியியலாளர் இந்தப் பாறைகளைப் பத்தி எழுதினப்போ, ஒரு அடுக்குக்கே 'அரியலூர்'னு பேர் வச்சார். மாவட்டம் ஆகுறதுக்கு 139 வருஷம் முன்னாடியே எங்க ஊர் பேர் உலகப் புவியியல் புத்தகத்துல ஏறிடுச்சு. கல்லங்குறிச்சி பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துல அடுக்கு அடுக்கா சிப்பி. சுமார் ஏழு கோடி வருஷத்துச் சிப்பி. காரை பக்கம் போனா செடி கொடி இல்லாத ஓடை ஓடையா அரிச்ச மண்ணு. சாத்தனூர்ல 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரமே கல்லாகிப் படுத்திருக்கு.

அவளை வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். சுருள் சுருளா அம்மோனைட். ரொம்ப நேரம் பேசாம பார்த்துட்டு, "எங்க ஊர்ல கரையில கிடக்குறது, இங்க கல்லுக்குள்ள கிடக்கு. அவ்வளவுதானேடா வித்தியாசம்?"னா. பத்து பக்கம் எழுதினாலும் நான் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்தச் சிப்பி ஓடு சேர்ந்ததுதான் சுண்ணாம்புக்கல். அதைக் களிமண்ணோட 1450 டிகிரியில சுட்டு அரைச்சா சிமெண்ட். அப்போ நாம குடியிருக்குற அடுக்குமாடி வீட்டுலயும் எங்கேயோ ஒரு பழைய கடல் இருக்கு. அவங்க அப்பா சொன்ன பதில் சரிதான். சிமெண்ட்டுக்குள்ள என்ன இருக்குன்னு மட்டும் அவருக்கு யாரும் சொல்லலை.

முல்லையும் குறிஞ்சியும் வறண்டா பாலை ஆகும்னு சிலப்பதிகாரத்துல இளங்கோவடிகள் சொல்லியிருக்கார். நிலம் திணை மாறும்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. எங்க ஊரைப் பாருங்க. செம்மண்ணும் முந்திரிக்காடுமா முல்லை. ஏரிப் பாசனம் இருக்குற இடத்துல மருதம். சித்திரை வெயில்ல சந்தேகமே இல்லாம பாலை. அடியில தோண்டினா நெய்தல். மேல ஒண்ணு வந்ததால அடியில இருந்தது இல்லாமப் போகலை. மனுசனும் அப்படித்தான்னு தோணுது. சான்றிதழ்ல எந்த மாவட்டம் எழுதினாலும் அது மேல் அடுக்கு மட்டும்.

அவங்க அப்பா இன்னும் பதில் சொல்லலை. "யோசிக்கிறேன்மா"ன்னு மட்டும் அவகிட்ட சொல்லியிருக்கார். அவ இப்போ லீவுல ஊருக்குப் போய் கடற்கரையில உக்காந்திருக்கா. நான் இங்கே முந்திரிக்காட்டு ஓரமா. ரெண்டு பேரும் பண்றது ஒரே வேலைதான். அவ இடத்துல அதுக்குப் பேர் இரங்கல், என் இடத்துல இருத்தல். போன்ல சொன்னேன், சிரிச்சா. சிரிச்சு முடிச்சதும் கொஞ்ச நேரம் அலைச்சத்தம் மட்டும் கேட்டுச்சு.

டிஸ்கி: தமிழ் ஐயாக்கள் யாராவது படிச்சீங்கன்னா, திணை மயக்கத்துக்கு மார்க் குறைச்சுடாதீங்க :)