வேரில் இடமில்லை

"இடமில்லை" என்று கணினி அறிவித்தவுடன் பலரும் இரண்டிலொன்றைச் செய்ய விரைகின்றனர். ஒருவர் கண்ணிற் பட்ட படங்களையும் பாட்டுகளையும் அழிக்கத் தொடங்குவார். மற்றொருவர் புதிய வன்தட்டு வாங்கக் கடைக்குப் புறப்படுவார். எந்த இடம் நிரம்பிற்று, அதனை நிரப்பியது யாது என்று முதலிற் கேட்போர் மிகச் சிலரே. லினக்ஸ் பணிசெயல் முறைமையைக் கையாளும் மாணவர்க்கு நேரும் இடர்களுள் வேர்ப்பிரிவு நிரம்புதல் ஒன்றாகும். அதனைப் பற்றிச் சில கூறுதல் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் பயன் தரும் எனக் கருதுகின்றோம்.

விண்டோஸ் முறைமையிலே சி, டி என்று தட்டின் பிரிவுகள் தனித்தனிப் பெயரோடு தோன்றும். லினக்ஸில் அவ்வாறில்லை. அங்கே யாவும் ஒரே மரம். அதன் அடி 'றூட்', அதாவது வேர். பயனாளரின் கோப்புகள் 'ஹோம்' என்னும் கிளையிலும், முறைமை தன்பாட்டில் எழுதி வைக்கும் பதிவுகள் 'வார்' என்னும் கிளையிலும், நிரல்கள் 'யூஎஸ்ஆர்' என்னும் கிளையிலும் இருக்கும். தட்டைப் பல பிரிவுகளாக வகுத்து, ஒரு பிரிவில் வேரை வைத்து, இன்னொரு பிரிவை ஒரு கிளையிற் பொருத்துதலும் உண்டு. ஒட்டுமாவைப் பார்ப்பவர்க்கு அது ஒரே மரமாகத் தோன்றினும், அடி ஓரினம், கிளை வேறினம் என்பதைத் தோட்டக்காரன் அறிவான். அதுபோல, வேர்ப்பிரிவு முற்றாக நிரம்பியிருக்க, 'ஹோம்' பிரிவு வெறுமையாகக் கிடத்தலும் கூடும்.

வேர் நிரம்பினால் விளைவு சிறிதன்று. முறைமை கணந்தோறும் ஏதோவொரு குறிப்பை எழுதியவண்ணம் இருக்கின்றது. எழுத இடமில்லாதபோது மென்பொருட் புதுப்பித்தல் நடுவழியில் நிற்கும், அச்சிடுதல் தடைப்படும், சிலவேளை உள்நுழையவும் இயலாது.

இவ்விடர் புதியதன்று. 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் யூனிக்ஸ் முறைமையைத் தொடங்கினர். எழுபதுகளின் முற்பகுதியில், முறைமையின் நிரல்கள் முதல் தட்டிற் கொள்ளாது பெருகியபோது, பயனாளரின் கோப்புகளுக்கென இருந்த இரண்டாவது தட்டிலே மிகுதியை வைத்தனர். அத்தட்டு 'யூஎஸ்ஆர்' என்னும் பெயரோடு மரத்தில் இணைந்திருந்தது. பிற்காலத்தில் பயனாளர் 'ஹோம்' என்னும் கிளைக்குக் குடிபெயர்ந்தனர். நிரல்களோ அங்கேயே தங்கிவிட்டன. 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் தோர்வல்ஸ் லினக்ஸின் கருவை வெளியிட்டார். அக்கருவைச் சூழ்ந்து வளர்ந்த முறைமைகளும் அந்தப் பழைய பெயரையே காத்து வருகின்றன. ஒரு தட்டு நிரம்பிய கதை, ஐம்பது ஆண்டுகள் கடந்தும், ஒவ்வொரு லினக்ஸ் கணினியிலும் பெயராக நிலைத்திருக்கின்றது.

எமது கல்லூரிக் கணினி அறையில் நேர்ந்த ஒன்றை இங்கே கூறுவோம். உயர்தர வகுப்பு மாணவரின் செயற்றிட்டக் கோப்புகள் ஒரே கணினியிலே சேமிக்கப்பட்டிருந்தன. அவற்றை ஒப்படைப்பதற்கு இரண்டு நாட்களே இருந்தன. அன்று காலை, கடவுச்சொல்லைக் கொடுத்தால் திரை ஒருகணம் கறுத்து, மீண்டும் கடவுச்சொல்லையே கேட்டது. சில மாணவரிடம் பிரதிகள் இருந்தன, பலரிடம் இல்லை. பழுது பார்க்க வந்தவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "தட்டு நிறைஞ்சிட்டுது. எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாய்ப் போடவேணும்" என்றார். ஆறு மாத உழைப்பு அழியப் போகின்றதே என்று பிள்ளைகள் திகைத்து நின்றனர். அவர்களுள் ஒரு மாணவன் மட்டும் தயங்கித் தயங்கி, "சேர், அழிக்க முதல் ஒருக்கா அளந்து பாப்பமே?" என்று கேட்டான்.

கொன்ட்ரோல், ஓல்ட், எவ்-3 ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்த, எழுத்து மட்டுமே தோன்றும் கருந்திரை வந்தது. லினக்ஸில் வழமையாக உள்ள 'ஈஎக்ஸ்ரி-4' கோப்பு முறைமை, தன் இடத்தில் 5 வீதத்தை மேலாளர்க்கென ஒதுக்கி வைக்கின்றது. பிறர்க்கு இடம் தீர்ந்தபோதும் மேலாளர் உள்ளே சென்று பணியாற்றுவதற்கான ஏற்பாடு அது. மாணவன் 'டீஎவ்' என்னும் கட்டளையைக் கொடுத்தான். வேர்ப்பிரிவு 30 கிகாபைட். 100 வீதம் நிரம்பியிருந்தது. 'ஹோம்' பிரிவு 400 கிகாபைட். அதிற் பயன்பட்டது 61 மட்டுமே. பிள்ளைகளின் கோப்புகள் யாவும் அந்த இரண்டாம் பிரிவிலே பழுதின்றி இருந்தன. பழுது பார்க்க வந்தவரும் அவ்வெண்களைக் கண்டதும், "அப்ப அழிக்கத் தேவையில்லைத் தம்பி" என்று தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

அடுத்து 'டீயூ' என்னும் கட்டளை. எந்தக் கோப்புறை எவ்வளவு இடத்தைக் கொண்டிருக்கின்றது என்பதை அது காட்டும். 'எக்ஸ்' என்னும் குறியைச் சேர்த்தால் அது வேறு பிரிவுகளுக்குட் புகாமல், வேர்ப்பிரிவை மட்டுமே அளக்கும். பதிவுகளுக்கான கோப்புறையிலே இரண்டு கோப்புகள் மட்டும் 18 கிகாபைட்டைப் பிடித்திருந்தன. திறந்து பார்த்தால் ஒரே வாசகம் மீண்டும் மீண்டும் வந்தது. வலையமைப்பு அட்டையொன்றில் பிழை நேர்ந்தது, பிழை திருத்தப்பட்டது என்பதே அதன் பொருள். தானே திருத்திக்கொண்ட சிறு பிழையை நொடிக்குப் பல தடவை, அதுவும் இரண்டு கோப்புகளில், கணினி எழுதிக்கொண்டேயிருந்தது. வேரை நிரப்பியது பிள்ளைகளின் வேலையன்று; எவரும் வாசிக்காத முறைப்பாடே.

அக்கோப்புகளை அழிக்காமல், வெறுமையாக்கினோம். இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. ஒரு நிரல் திறந்து எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை நாம் அழித்தால் அதன் பெயர் மறையும். ஆயினும் அந்நிரல் அதை மூடும்வரை இடம் விடுபடாது. அழித்த பின்னும் இடம் கூடவில்லையே என்று பலர் மயங்குவது இதனாலேயே. பின்னர் அந்த அட்டையின் மின்சேமிப்பு ஏற்பாட்டை நிறுத்தியதும் முறைப்பாடு ஓய்ந்தது. குறித்த நாளிலே செயற்றிட்டங்கள் யாவும் ஒப்படைக்கப்பட்டன.

எல்லாக் கணினியிலும் காரணம் இதுவேயாகாது. உபுண்டு போன்ற முறைமைகளில், நிறுவி முடிந்த மென்பொருட் பொதிகள் 'வார்' கிளையிலே தேங்கிக் கிடப்பதுண்டு; 'ஏபிரி கிளீன்' என்னும் கட்டளையால் அவற்றை அகற்றலாம். புதுப்பித்தல்தோறும் சேரும் பழைய கருக்களை 'ஏபிரி ஓட்டோரிமூவ்' அகற்றும். அவற்றைக் கையால் தேடி அழித்தல் ஆகாது. இயங்கும் கருவே அழிந்தால் கணினி மீண்டும் எழாது. முறைமையின் நாட்குறிப்பு, எல்லை எதுவும் விதிக்காவிடினும், பிரிவின் பத்தில் ஒரு பங்கு அல்லது 4 கிகாபைட் ஆகிய இரண்டிற் குறைந்த அளவோடு நின்றுவிடும். சிறிய கணினியிலே அதையும் சுருக்கலாம். டொக்கர் பயிலும் மாணவர் கைவிட்ட பிம்பங்களையும் நோக்குக. இடம் இருந்தும் "இடமில்லை" என்று கணினி கூறுமாயின், கோப்புகளின் எண்ணிக்கை எல்லையைத் தொட்டிருக்கலாம். நூலகத்தில் இறாக்கைகள் வெறுமையாயிருந்தும், பட்டியல் அட்டை தீர்ந்தமையால் நூலைப் பதிய முடியாத நிலை அது. 'டீஎவ்' கட்டளையோடு 'ஐ' என்னும் குறியைச் சேர்த்தால் அதனை அறியலாம்.

இவ்வளவும் செய்தும் போதாதாயின், பிரிவை விரிவாக்கலாம். அதற்கு முன் வெறும் இடம் கையிலே உண்டோ என்று பார்த்தல் வேண்டும். உபுண்டு வழங்கிப் பதிப்பின் அண்மைக்கால நிறுவியில், வழமையான தெரிவுகளை ஏற்றுக்கொண்டால், 200 கிகாபைட்டுக்கு மேற்பட்ட தட்டிலும் வேருக்கு 100 கிகாபைட் மட்டுமே ஒதுக்கப்படும். எஞ்சியது 'எல்விஎம்' என்னும் ஏற்பாட்டின்கீழ் எவர்க்கும் ஒதுக்கப்படாமற் கிடக்கும். தம்மிடம் உள்ள நிலத்தை அறியாது அயலில் நிலம் தேடுவோர் போலச் சிலர் புதிய தட்டு வாங்குகின்றனர். 'எல்விஎம்' இருப்பின், கணினி இயங்கும்போதே சில நொடிகளில் வேரை விரிக்கலாம்.

'எல்விஎம்' இல்லாவிடின் பணி கடினமாகும். யூஎஸ்பி தண்டிலிருந்து கணினியைத் தொடக்கி, 'ஜீபார்ட்டெட்' என்னும் நிரலால் அயற்பிரிவைச் சுருக்கி, நகர்த்தி, அதன்பின் வேரை விரித்தல் வேண்டும். 'ஈஎக்ஸ்ரி-4' பிரிவை இயங்கும்போதே பெருப்பிக்கலாம். சுருக்குவதற்கோ அதனை மரத்திலிருந்து கழற்றியாக வேண்டும். 'எக்ஸ்எவ்எஸ்' என்னும் கோப்பு முறைமையைப் பெருப்பிக்கலாமேயன்றி, வழமையான கருவிகளாற் சுருக்க இயலாது. பிரிவை நகர்த்தும்போது அதிலுள்ள தரவு முழுவதும் இடம் மாறுகின்றது. அதற்கு மணிக்கணக்கும் ஆகலாம். இடையில் மின்சாரம் நின்றால் தரவு அழியக்கூடும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டைக் கண்டவர்கள் நாம். ஆதலால், பிரதி எடுக்காமலும் மின்கலத்தின் துணையில்லாமலும் இப்பணியில் இறங்காதிருத்தல் நன்று.

மாணவ நண்பர்களே, நீங்கள் செய்யவேண்டியது பெரிதன்று. மாதத்திற்கு ஒருமுறை 'டீஎவ்' கட்டளையைக் கொடுத்து, வேர் எத்தனை வீதம் நிரம்பியிருக்கின்றது என்று திகதியோடு ஒரு கொப்பியிற் குறித்து வையுங்கள். சென்ற மாதம் 62, இம்மாதம் 63 என்றால் அஞ்ச வேண்டியதில்லை. 63 திடீரென 85 ஆனால், அன்றே காரணத்தைத் தேடுங்கள்; இடமும் இருக்கும், நேரமும் இருக்கும். எமது கணினி அறையிலும் அத்தகைய கொப்பி ஒன்று இப்போது உண்டு. அதனைத் தொடங்கியவன் அந்த மாணவனே. அவன் கல்லூரியை விட்டுச் சென்றபின், அடுத்த வகுப்புப் பிள்ளைகள் தம் கையெழுத்தில் அதனைத் தொடர்ந்து எழுதி வருகின்றனர்.