40 பெயர்களில் முதல் பெயர்

சாரல் காலத்தில் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டங்களைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். செல்ஃபி எடுத்து, குற்றாலத்தில் குளித்து, திருநெல்வேலி வழியாகத் திரும்புகிறவர்கள் பாளையங்கோட்டையிலும் சற்று இறங்கலாம். அங்கே இருக்கிறது கிளாரிந்தா ஆலயம். ஊரார் வாயில் 'பாப்பாத்தியம்மாள் கோயில்'.

கணவரை இழந்த மராத்தியப் பிராமணப் பெண் கிளாரிந்தா. ஞானஸ்நானம் கேட்டபோது முதலில் மறுத்த சுவார்ட்ஸ் ஐயர், 1778-ல் கொடுத்தார். 1780-ல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பேர்தான். முதல் பெயர் கிளாரிந்தா. 1785-ல் இந்தச் சிறு ஆலயத்தை எழுப்பியவரும் அவரே.

நெல்லைச் சீமையில் இன்று ஊருக்கு ஊர் ஆலய மணி ஒலிக்கிறது. பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் ஸ்டாரும் கேக்கும் தெரியும். இந்த அம்மாளைத் தெரியாது. தாத்தா பாட்டிகளே, பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து கதையைச் சொல்லுங்கள். சொத்தை எழுதி வைக்கலாம். விசுவாசத்தைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.