அனுமதி கேட்டு நுழையும் மென்பொருள்



மார்க்கக் கல்வியைப் போதிக்கும் நாம், விண்டோஸ் கணினிக்கான 'செட்டப்' கோப்பு தயாரிக்கும் வேலையை வீடியோ பார்த்துக் கற்பது எதற்காக என்று நமது மக்தபுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் சிலர் கேட்டனர். அதற்குரிய விடை கணினியைப் பற்றியது மட்டுமன்று. அமானிதத்தைப் பற்றியதும் ஆகும். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

விருதுநகரில் நமது மாலை நேர மக்தபில் ஓதி வளர்ந்த மாணவர் ஒருவர் இப்போது கல்லூரியில் கணினிப் பாடம் படிக்கிறார். அவருடைய தந்தை சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைக்கு வேலைக்குச் செல்பவர். அரபு எழுத்துகளின் மக்ரஜ்களைச் சிறு பிள்ளைகள் கேட்டுப் பழகுவதற்காக அம்மாணவர் ஒரு நிரலை எழுதினார். எழுத்தைத் தொட்டால் ஒலி வரும்; பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும். அவருடைய மடிக்கணினியில் அது அழகாக இயங்கியது. மக்தபின் பழைய கணினியில் பிரதி எடுத்து வைத்தபோதோ எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன, ஒலி வரவில்லை. "ஹஸ்ரத், இதற்கு முறையாக செட்டப் தயாரிக்க வேண்டும். எழுத்துரு, ஒலிக் கோப்பு எல்லாம் அதனுள் இருக்க வேண்டும். கல்லூரியில் நிரல் எழுதத்தான் சொல்லித் தந்தார்கள், இதைச் சொல்லித் தரவில்லை" என்றார். "அப்படியானால் இருவரும் சேர்ந்து கற்போம் தம்பி" என்றோம்.

தமிழில் தட்டச்சு செய்யும் நம்மில் பலர் நிறுவிகளுக்குக் கடமைப்பட்டவர்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தை எண்ணிப் பாருங்கள். யூனிகோடு தமிழ் எழுத்துகள் சிதையாமல் தெரிய வேண்டுமானால் மொழி அமைப்புப் பகுதிக்குச் சென்று ஒரு கட்டத்தில் குறியிட வேண்டும். உடனே கணினி, விண்டோஸ் குறுந்தகட்டைப் போடு என்று கேட்கும். அந்தக் குறுந்தகடு எத்தனை வீடுகளில் இருந்தது? 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த அழகி, பின்னர் வந்த எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் ஆகிய மென்பொருள்கள் நம் மக்களிடம் தமிழைக் கொண்டு சேர்த்தன. அவற்றுள் என்.எச்.எம். ரைட்டரின் நிறுவி, குறுந்தகடு கேளாமலேயே அந்த மொழி வசதியை அமைத்துக் கொடுத்தது. நிரல் எவ்வளவு சிறந்ததாயினும், அது பயனாளியின் வீட்டில் சரியாகக் குடியேறினால்தான் பயன். குடியேற்றும் வேலையைச் செய்வதே நிறுவி.

ஆசிரியர் எதிரில் இல்லாத கல்வி

1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்பதற்காகக் கல்கத்தா வரை பயணம் செய்தனர். திரும்பி வந்து அவர்கள் தொடங்கிய தொழிலிலிருந்துதான் இந்தப் பகுதியின் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் கிளைத்தன. அன்று கல்வியை நாடி இரயிலேறினார்கள். இன்று கல்வி கைபேசிக்கு வருகிறது. ஆனால் பயணம் செய்தவருக்கு எதிரில் ஓர் ஆசிரியர் இருந்தார். வீடியோவில் கற்பவருக்கு அவர் இல்லை.

இது நமக்குப் புதிய கவலை அன்று. ஆசானிடம் அமராமல் ஏட்டிலிருந்து மட்டும் கற்பவரைக் குறித்து நமது முன்னோரான உலமாக்கள் எச்சரித்திருக்கின்றனர். ஏடு திருத்தாது, நாம் தவறாக ஓதினாலும் அது வாய் திறவாது. வீடியோவும் அப்படியே. நாம் விளங்காமல் தலையசைத்தாலும் அது அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடும்.

இதற்கு நாம் இரண்டு ஏற்பாடுகள் செய்தோம். முதலாவது, ஐ.ஐ.டி. பம்பாயின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டது. கட்டற்ற மென்பொருள்களைத் தாமாகவே கற்போருக்காக, சுமார் பத்து நிமிடப் பாடங்களாக அமைந்த திட்டம் அது. திரையில் ஆங்கிலம் இருந்தாலும் விளக்கம் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் கிடைக்கிறது. திரையின் ஒரு பாதியில் பாடம், மறு பாதியில் மென்பொருள் என வைத்துக்கொண்டு, ஆசிரியர் ஒன்றைச் செய்தவுடன் வீடியோவை நிறுத்தி நாமும் அதையே செய்து பார்க்க வேண்டும் என்பது அவர்கள் முறை. நிறுவி குறித்த பாடங்களை நாம் வேறிடத்தில் ஆங்கிலத்தில்தான் பார்த்தோம். ஆனால் பார்க்கும் முறை இதுவாகவே இருந்தது.

இரண்டாவது ஏற்பாடு, நமது ஹிஃப்ழு வகுப்பிலிருந்து வந்தது. அங்கே புதிய பாடமாகிய ஸபக்கை ஒப்புவிக்காமல் அடுத்த ஸபக் இல்லை. பழையதைத் திருப்பி ஓதும் தவ்ர் இல்லாமல் நாள் முடிவதில்லை. அவ்வாறே இஷாவுக்குப் பின் ஒரு வீடியோ. செய்தது இயங்கினால்தான் அடுத்தது. வெள்ளிதோறும் முதலிலிருந்து அனைத்தையும் பாடம் பார்க்காமல் ஒருமுறை செய்வது. மாணவர் நமக்கு ஒப்புவிப்பார். நாம் மாணவருக்கு ஒப்புவிப்போம். ஐம்பதை நெருங்கும் வயதில் இருபது வயதினரிடம் ஸபக் கொடுப்பதில் நமக்கு எந்தக் குறைவும் ஏற்படவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

விருந்தினரின் ஒழுக்கம்

நாம் கற்ற கருவியின் பெயர் இன்னோ செட்டப். ஜோர்டான் ரஸ்ஸல் என்பவர் 1997-இல் வெளியிட்டு, இன்றளவும் பயன்பாட்டில் உள்ளது. சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்றில் பகுதி பகுதியாக எழுத வேண்டும்: மென்பொருளின் பெயர் என்ன, எந்தக் கோப்புகள் எங்கே செல்ல வேண்டும், முகப்பில் எந்தக் குறிப்படம் தோன்ற வேண்டும், முடிந்ததும் எதை இயக்க வேண்டும். பிறகு ஒரு பொத்தானை அழுத்தினால் அத்தனையும் ஒரே செட்டப் கோப்பாகத் திரண்டு வரும்.

இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு வரியிலும் ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது.

நமது நிரலுக்கு ஓர் அரபு எழுத்துரு தேவை. அதை எல்லா நிரல்களுக்கும் பொதுவான எழுத்துருக் கோப்புறையில் வைக்கலாம்; அதற்குக் கணினியின் நிர்வாகி அதிகாரத்தைக் கேட்க வேண்டும். நிரலின் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம்; அதற்கு அந்த அதிகாரம் தேவையில்லை. முதல் வழியைக் காட்டிய வீடியோ எளிதாக இருந்தது. ஆயினும் இரண்டாவதையே தேர்ந்தோம். திண்ணையில் அமர்ந்தாலே முடியும் வேலைக்கு அலமாரிச் சாவியைக் கேட்பது விருந்தினருக்கு அழகன்று.

பிறர் வீட்டினுள் அனுமதி கேட்டு, ஸலாம் உரைத்து நுழையும் ஒழுக்கத்தை ஸூரத்துன் நூர் நமக்குக் கற்பிக்கிறது. திரும்பிச் செல்லுமாறு கூறப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்பதும் அதனுடன் சேர்ந்த கட்டளையாகும். ஒரு நிறுவி பிறருடைய கணினிக்குள் நுழைகிறது. அங்கே அவருடைய கணக்கு வழக்குகள் இருக்கின்றன. குடும்பப் புகைப்படங்கள் இருக்கின்றன. நான் இன்னார், இன்னதை வைக்கப் போகிறேன், சம்மதமா என்று அது கேட்க வேண்டும். 'ரத்து' என்று அவர் அழுத்தினால் எதையும் விட்டுவைக்காமல் வெளியேற வேண்டும். 1999-இல் ஆஃபிஸ் 2000-உடன் மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்திய விண்டோஸ் இன்ஸ்டாலர் தொழில்நுட்பத்திலும் இதற்கு இடமுண்டு: பாதியில் வேலை முறிந்தால், தொடங்குவதற்கு முன்பிருந்த நிலைக்கே கணினியைத் திருப்பிவிடும்.

வெளியேறுவதிலும் ஒழுக்கம் உண்டு. இன்னோ செட்டப், தான் எந்தக் கோப்பை எங்கே வைத்தது என்று ஒரு பதிவேடு எழுதிவைக்கிறது. நீக்கும்போது அந்தப் பதிவேட்டில் உள்ளதை மட்டும் எடுத்துச் செல்லும். நிரல் பின்னாளில் உருவாக்கிய கோப்புகளை, நாம் சொல்லாத வரை தொடாது. பிள்ளை எந்தெந்த எழுத்துகளைத் தேறியிருக்கிறது என்ற குறிப்பு அப்படிப்பட்ட ஒரு கோப்பில்தான் இருக்கிறது. அதை அழிப்பதா, விடுவதா? அது பிள்ளையின் உழைப்பு, நம்முடையதன்று. எனவே நீக்கும் தருணத்தில் பெற்றோரிடமே கேட்குமாறு அமைத்தோம்.

இவையனைத்தையும் மாணவரின் கணினியில் சோதித்துப் பயனில்லை. அங்கே எல்லாம் முன்பே இருக்கின்றன. விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மென்பொருளைக் கொண்டு, கணினிக்குள்ளேயே எதுவும் இல்லாத ஒரு புதுக் கணினியை உருவாக்கி, அதில் நிறுவி, நீக்கி, மீண்டும் பழைய நிலைக்குத் திருப்பி, மறுபடி நிறுவினோம்.

ஸனதும் கையொப்பமும்

இணையத்திலிருந்து இறக்கிய புதிய செட்டப் கோப்பைத் திறந்தால், சில நேரம் நீல நிறத்தில் ஓர் எச்சரிக்கை எழும். வெளியிட்டவர் யாரெனத் தெரியவில்லை என்று கூறும். வெளியிட்டவர் தம் கோப்பில் டிஜிட்டல் கையொப்பம் இட்டிருந்தால், அவருக்குச் சான்று அளித்தது யார், அச்சான்றாளருக்குச் சான்று அளித்தது யார் என்று மூலம் வரை செல்லும் ஒரு சங்கிலியை விண்டோஸ் சரிபார்க்கிறது.

இதைப் பாடத்தில் கேட்டபோது நம் மனம் ஹதீஸ் கலையை நோக்கிச் சென்றது. யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற ஸனத் இல்லாத செய்தியை முஹத்திஸ்கள் ஏற்பதில்லை. ஸனதின் இன்றியமையாமையை இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹின் முன்னுரையிலேயே விரிவாகப் பேசுகிறார்கள். ஆயினும் ஒரு வேறுபாட்டையும் கூற வேண்டும். முஹத்திஸ்கள் அறிவிப்பாளரின் பெயரோடு நிற்கவில்லை. அவருடைய நேர்மையையும் மனன ஆற்றலையும் ஆராய்ந்தார்கள். கணினிச் சான்றோ, இவர் இன்னார், இவர் அனுப்பிய பின் கோப்பு மாறவில்லை என்பதை மட்டுமே உறுதிப்படுத்தும். அவர் நல்லவரா என்பதை நாம்தான் ஆராய வேண்டும்.

கையொப்பச் சான்றுக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். 2023 ஜூன் முதல் அதன் திறவுகோலைத் தனி வன்பொருளில் வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. ஒரு மக்தபுக்கு அது இயலாது. எனவே நாம் பென்டிரைவில் கைக்குக் கை கொடுத்தோம். கோப்பின் ஷா-256 என்னும் 64 எழுத்து அடையாளத்தை அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். கோப்பில் ஓர் இடம் மாறினாலும் அந்த அடையாளம் முற்றிலும் மாறிவிடும். விண்டோஸிலேயே உள்ள சர்ட்யூட்டில் கட்டளையைக் கொண்டு எவரும் சரிபார்க்கலாம்.

இந்நிலையில்தான் ஒரு நாள் மாணவர் தயங்கியபடி கேட்டார்: "ஹஸ்ரத், காலண்டர் சீசன் வருகிறது. சிவகாசியில் சில அச்சகங்களில் டிசைன் மென்பொருளுக்குக் கிராக் போட்டுத் தரச் சொல்கிறார்கள். ஒரு கணினிக்கு இவ்வளவு என்று கையிலேயே தருகிறார்கள். வாங்கலாமா?"

மழைக்காலத்தில் ஆலை வேலை குறையும் வீடு அது. அந்தப் பணம் அவர்களுக்குச் சிறிதன்று என்பதை அறிந்தே பதில் கூறினோம். 1988-இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாசிரியர், கண்டுபிடிப்பாளர் முதலியோரின் உரிமைகள் ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டவை, அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்ததை எடுத்துச் சொன்னோம். பின்னர் அவர் கற்றதைக் கொண்டே கேட்டோம்: "தம்பி, கிராக் போடும்போது முதல் வேலை என்ன?" "ஆன்டிவைரஸை நிறுத்த வேண்டும் ஹஸ்ரத்" என்றார். "காவலாளியை உறங்க வைத்துவிட்டு, பெயர் சொல்லாத ஒருவரை அந்த அச்சகத்தாரின் வீட்டுக்குள் விடுகிறோம். அவர் உள்ளே எதை வைக்கிறார் என்று உமக்குத் தெரியுமா?" என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை.

அவர் அந்த வேலையை ஏற்கவில்லை. இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களை நிறுவிக் கற்றுத் தருவதாக அச்சகங்களில் கேட்டுப் பார்த்தார். பெரும்பாலோர் பழகியதே போதும் என்றனர். ஓர் அச்சகம் மட்டும் இரண்டு கணினிகளில் செய்யச் சொல்லிக் கூலி கொடுத்தது. கிராக் வேலையில் கிடைத்திருக்கக்கூடியதைவிட அது குறைவே. தந்தையிடம் கொடுத்தபோது, எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டார். முழுவதையும் சொல்ல முடிந்தது என்றார் மாணவர்.

பெற்றோரே! நமது மாவட்டத்தில் காலையில் வேலைக்குச் சென்றவர் மாலையில் திரும்புவதே ஒரு நிஃமத் என்பதை நாம் அறிவோம். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்ற விபத்தை இப்பகுதி மறக்காது. பிள்ளை மருந்து அறைக்குப் போகாமல் வேறு தொழில் கற்க வேண்டும் என்ற உங்கள் ஆசை நியாயமானது. ஆனால் வீடியோ பார்த்தால் வேலை கிடைத்துவிடும் என்று எவரேனும் கூறினால் நம்பாதீர்கள். செட்டப் தயாரிப்பது ஒரு பெரிய வேலையின் கடைசிப் படி மட்டுமே. அது தனியாகச் சோறு போடாது. தொடங்கியதை முடிப்பதையும், பிறர் பொருளைத் தம்முடையதைப் போலக் காப்பதையும் அது பழக்கும். தீபாவளி முடிந்து ஆலைகள் ஓய்ந்திருக்கும் வாரங்களில் பிள்ளைகளுக்கு இப்படியொரு பாடத்தைத் தொடங்கிக் கொடுங்கள். உங்களுக்குக் கணினி தெரியாவிட்டாலும் பாதகமில்லை. இரவில் அருகில் அமர்ந்து, இன்று செய்ததை இயக்கிக் காட்டு என்று கேளுங்கள். வீடியோவால் செய்ய முடியாத ஆசிரியர் வேலை அதுதான்.

பயனுள்ள கல்வியையும், தூய்மையான வாழ்வாதாரத்தையும், ஏற்றுக்கொள்ளப்படும் அமலையும் அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு வழங்குவானாக! வேலைக்குச் சென்ற ஒவ்வொருவரையும் நலமுடன் இல்லம் சேர்ப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.